எத்தியோப்பிய உணவகத்துக்கு முதல் முறை போகிறவர்களுக்கு

கையால் சாப்பிட்டே வளர்ந்தவர்கள் நாம். எத்தியோப்பிய உணவகத்தில் ஸ்பூன் வைக்க மாட்டார்கள் என்று யாராவது சொன்னால், அதில் நமக்கென்ன கஷ்டம் என்றுதான் தோன்றும். போய் உட்கார்ந்த பிறகுதான் நம் கைப்பழக்கம் அங்கே பாதிதான் உதவும் என்று தெரியவரும். அங்கே பிசைவது கிடையாது. குழம்பு விரலில் ஒட்டக்கூடாது. ஆளுக்கொரு தட்டும் வராது. நாலு பேர் போனால் நாலு பேருக்கும் நடுவில் ஒரே பெரிய தட்டு. எச்சில் பார்த்துப் பழகிய வீட்டிலிருந்து வருகிறவருக்கு அதைக் கண்டதும் கை தயங்கும். ஆனால் அந்த ஒரே தட்டுக்குள் நம் வீட்டுப் பந்தியைவிடக் கறாரான ஒழுங்கு உண்டு. அதைத் தெரிந்துகொண்டு போனால் தயக்கத்துக்கு இடமே இருக்காது.

போக வாய்ப்புள்ளவர்களும் இப்போது அதிகம். சென்னையிலிருந்து எத்தியோப்பியன் ஏர்லைன்ஸ் 2022 முதல் அந்நாட்டுத் தலைநகர் அடிஸ் அபாபாவுக்குப் பறக்கிறது. ஆப்பிரிக்காவுக்கோ அமெரிக்காவுக்கோ போகும் வழியில் அங்கே அரைநாள் ஒருநாள் தங்கிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். டொரொண்டோவில் இருப்பவர்களுக்கு டான்ஃபோர்த் சாலையிலேயே கடைகள் உண்டு. வாஷிங்டனிலும் சுற்றுப்புறத்திலும் எத்தியோப்பியர்கள் நிறையப் பேர். லாஸ் ஏஞ்சலஸில் ஃபேர்ஃபாக்ஸ் அவென்யூவின் ஒரு பகுதிக்கு 2002-இல் ‘லிட்டில் எத்தியோப்பியா’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

எப்போது போவது, எத்தனை பேர் போவது

தனியாகப் போவதைத் தவிருங்கள். ஒருவருக்கும் சாப்பாடு தருவார்கள்தான், ஆனால் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவதற்கென்றே அமைந்த உணவு இது. மூன்று அல்லது நாலு பேர் என்றால் கச்சிதம். ஐந்துக்கு மேல் போனால் தட்டின் அந்தப் பக்கம் இருப்பது உங்களுக்கு எட்டாது, இரண்டு தட்டாகக் கேட்க வேண்டிவரும்.

அடிஸ் அபாபாவில் என்றால் கிழமையும் பார்க்க வேண்டும். எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் சபையைச் சேர்ந்தவர்களுக்குப் புதனும் வெள்ளியும் விரதம். முற்பகல் முழுக்கச் சாப்பிடாமல் இருந்துவிட்டு, பிறகு சாப்பிடுவதிலும் இறைச்சி, முட்டை, பால், வெண்ணெய் எதுவும் சேர்க்க மாட்டார்கள். ஈஸ்டருக்கு முன்னால் 55 நாள் தொடர்ச்சியாக ஒரு பெரிய விரதம், ஆகஸ்டில் மரியன்னைக்காக 15 நாள், கிறிஸ்துமஸுக்கு முன்னால் இன்னொன்று என்று கூட்டிக்கொண்டே போனால், சாதாரணக் குடும்பத்தாருக்கே ஆண்டில் ஏறத்தாழ 180 நாள் வந்துவிடும். குருமாருக்கும் துறவிகளுக்கும் 250 வரை போகும். பருப்பையும் கீரையையும் எண்ணெயிலேயே ருசியாகச் சமைக்கும் வித்தை அங்கே இவ்வளவு தேர்ந்திருப்பதற்கு இந்த விரத நாட்கள்தான் காரணம். விரதத்துக்கு ‘ட்சோம்’ என்று பெயர். இந்த ஒரு சொல்லை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் சைவம் சாப்பிடுகிறவர் அந்த நாட்டில் எங்கேயும் பசியோடு இருக்க வேண்டியதில்லை.

எனவே சைவக்காரர்கள் புதன், வெள்ளி பார்த்துப் போங்கள். அன்றைக்குத்தான் வகைகள் அதிகம், எல்லாம் புதிதாகச் சமைத்ததாகவும் இருக்கும். மற்ற நாட்களில் சில கடைகளில் ஷிரோ என்கிற கடலைமாவுக் குழம்பு தவிரச் சைவமாக எதுவும் கிடைக்காமல் போகலாம். கறி சாப்பிட ஆசைப்படுகிறவர்கள் இந்த நாட்களையும் பெரிய விரதகாலத்தையும் தள்ளிவைக்கலாம். அப்போது கசாப்புக் கடைகளே பல மூடிக் கிடக்கும். ஈஸ்டரை அடுத்து வரும் ஐம்பது நாட்களில் மட்டும் புதன், வெள்ளி விரதம் கிடையாது. வெளிநாட்டுக் கடைகளுக்கு இந்தக் கணக்கெல்லாம் தேவையில்லை, எல்லா நாளும் எல்லாமும் கிடைக்கும்.

நேரம் பற்றி ஒரு சங்கதி. எத்தியோப்பியாவில் மணியை விடியலிலிருந்து எண்ணுகிறார்கள். நம் காலை ஏழு மணி அவர்களுக்கு ஒரு மணி. நம் இரவு ஏழு மணியும் அவர்களுக்கு ஒரு மணிதான். உள்ளூர் நண்பர் ‘ராத்திரி ஒரு மணிக்குச் சாப்பிடப் போகலாம்’ என்றால் பதற வேண்டாம். மேஜைக்குச் சொல்லிவைக்கும்போது, நீங்கள் சொல்வது எந்தக் கணக்கு என்று ஒரு வார்த்தை கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

முதலில் இன்ஜெரா

தட்டில் விரித்து வருவது இன்ஜெரா. பார்ப்பதற்குப் பெரிய தோசையாகத் தெரியும். அந்த நினைப்போடு மட்டும் வாயில் வைக்காதீர்கள், ஏமாந்துபோவீர்கள். இதில் மொறுமொறுப்பு கிடையாது, சூடும் இருக்காது. முன்பே சுட்டு அடுக்கிவைத்ததை ஆறிய நிலையில்தான் பரிமாறுவார்கள். தொட்டால் லேசான ஈரத்தோடு, பஞ்சுபோல அமுங்கும். ஆறிப்போனதைத் தந்துவிட்டார்கள் என்று சண்டைக்குப் போக வேண்டாம், அதுதான் சரியான பதம். சூடு மேலே ஊற்றுகிற குழம்பில் இருக்கும்.

டெஃப் என்ற தானியத்தின் மாவில் செய்வது இது. ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத பொடித் தானியம். கேழ்வரகே அதன் பக்கத்தில் பெரிதாகத் தெரியும். கரைத்த மாவை இரண்டு மூன்று நாள், சில வீடுகளில் அதற்கும் மேலே, புளிக்கவிடுவார்கள். பிறகு ‘மிட்டாட்’ என்கிற அகலமான மண்கல்லில் வெளியோரத்திலிருந்து உள்நோக்கிச் சுற்றி ஊற்றி, மூடிபோட்டு வேகவைப்பார்கள். திருப்பிப் போடுவதில்லை. அதனால் அடிப்பக்கம் வழவழவென்றும் மேல்பக்கம் முழுக்கச் சின்னச் சின்னக் குழிகளாகவும் வரும். அந்தக் குழிகளைக் கண்கள் என்பார்கள். கண்கள் நெருக்கமாக, ஒரே சீராக இருந்தால் நல்ல இன்ஜெரா. குழம்பை உறிஞ்சுவது அவைதான், ஆகவே கண் உள்ள பக்கம் எப்போதும் மேலே.

வெள்ளை டெஃப்பில் சுட்டது மங்கிய வெண்மையாக, சற்று மென்மையான புளிப்போடு இருக்கும். சிவப்பு டெஃப் என்றால் நிறமும் அடர்த்தி, மண்வாசனையும் கூட. முதல் முறைக்கு வெள்ளையே போதும். வெளிநாடுகளில் கோதுமை, பார்லி, சோள மாவு என்று எதையாவது கலந்து சுடுகிற கடைகள் நிறைய. டெஃப் விலை அதிகம். போதாததற்கு எத்தியோப்பிய அரசு 2006-இல் டெஃப் தானியத்தையும் மாவையும் ஏற்றுமதி செய்யத் தடைபோட்டு, 2015 வாக்கில்தான் அதைத் தளர்த்தியது. அமெரிக்காவில் ஐடஹோ மாநிலத்தில் விளைகிற டெஃப்தான் அங்குள்ள பல கடைகளுக்குக் கைகொடுத்தது. டெஃப்பில் குளூட்டன் இல்லை என்று படித்துவிட்டு, கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்கள் நேரே போய் உட்கார்ந்துவிடக்கூடாது. முழுக்க டெஃப்தானா என்று கேளுங்கள். கலப்பு என்றால் முழு டெஃப் இன்ஜெராவை முன்கூட்டியே சொல்லிவைத்தால் தருகிற கடைகளும் உண்டு.

இன்ஜெராவைத் தனியாகத் தின்று பார்த்து ‘என்ன, இவ்வளவு புளிக்கிறதே’ என்று முகம் சுளிப்பதும், குழம்பைத் தனியாக நக்கிப் பார்த்து ‘புளிப்பே இல்லையே’ என்பதும் புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் செய்வதுதான். அந்தச் சமையலில் புளி இல்லை. தேங்காயும் கறிவேப்பிலையும் இல்லை, கடுகு தாளிப்பதும் இல்லை. புளிப்பு முழுவதையும் இன்ஜெராவிடம் விட்டுவிட்டு, காரம், எண்ணெய், மணம் மூன்றையும் குழம்பிடம் கொடுத்திருக்கிறார்கள். இரண்டும் ஒரே வாயில் சேர்ந்தால்தான் கணக்கு சரியாகும். நாலு வாய் சாப்பிடும்வரை எந்தத் தீர்ப்பும் சொல்லாதீர்கள்.

என்ன சொல்லி ஆர்டர் செய்வது

மெனு அட்டையில் பெயர்கள் பயமுறுத்தினாலும் அடிப்படை எளிது. ‘வொட்’ என்று முடிந்தால் கெட்டியான குழம்பு. அதோடு ‘அலிச்சா’ என்று சேர்ந்திருந்தால் மிளகாய்த்தூள் இல்லாமல் மஞ்சள் போட்டுச் செய்த, காரமற்ற வகை. ‘டிப்ஸ்’ என்றால் வறுத்த இறைச்சி. ‘ஃபிர்ஃபிர்’ என்றால் இன்ஜெராவைப் பிய்த்துப்போட்டுக் கிளறியது.

சைவத்துக்கு ‘யெட்சோம் பெயாய்நெட்டு’ என்று கேளுங்கள். விரதச் சாப்பாட்டில் உள்ள எல்லா வகையிலும் கொஞ்சம் கொஞ்சம் ஒரே இன்ஜெராமேல் குவித்துத் தருவார்கள். வழக்கமாக அதில் மிசிர் வொட் இருக்கும்: சிவப்பு மசூர் பருப்பைக் காரமாக வேகவைத்தது. பக்கத்தில் மஞ்சள் பட்டாணிப் பருப்பில் செய்த கிக் அலிச்சா. பூண்டு போட்டு வதக்கிய கோமென் கீரை. முட்டைக்கோஸ், கேரட், உருளைக்கிழங்கு சேர்ந்த டிகில் கோமென். பீன்ஸும் கேரட்டும் கலந்த ஃபொசோலியா. சிவக்கச் சிவக்க ஒரு பீட்ரூட் குவியல், நடுவில் பச்சை மிளகாய் போட்ட தக்காளி சாலட். கடைக்குக் கடை ஒன்றிரண்டு மாறும். பச்சை மசூரை வேகவைத்து, கடுகு அரைத்துச் சேர்த்து ஆறவைத்த அசிஃபா கிடைத்தால் விடாதீர்கள். அதில் மூக்கில் ஏறுகிற கடுகு நெடி நம் நாக்குக்கு நன்றாகவே பிடிக்கும்.

கூடவே ஷிரோ ஒன்று தனியாகச் சொல்லுங்கள். வறுத்த கொண்டைக்கடலை மாவை மசாலாவோடு கரைத்துக் கொதிக்கவைத்தது. சின்ன மண்சட்டியில் குமிழ் விட்டுக்கொண்டே மேஜைக்கு வரும். எத்தியோப்பியாவில் ஏழை வீட்டிலும் பணக்கார வீட்டிலும் தினமும் கொதிக்கிற குழம்பு இது. ‘போசெனா ஷிரோ’ என்று எழுதியிருந்தால் அதில் மாட்டிறைச்சித் துண்டுகள் இருக்கும், கவனம்.

அசைவம் சாப்பிடுகிறவர்கள் டோரோ வொட் என்கிற கோழிக் குழம்பைத் தவறவிடக்கூடாது. ஈஸ்டருக்கும் கிறிஸ்துமஸுக்கும் வீட்டில் விரதம் முடிக்கிற குழம்பு. இதன் ரகசியம் கோழியில் இல்லை, வெங்காயத்தில் இருக்கிறது. பொடியாக நறுக்கிய சிவப்பு வெங்காயத்தை, பாத்திரம் கொள்ளாத அளவுக்கு, எண்ணெய் ஊற்றாமலே அடுப்பில் ஏற்றிக் கிளறுவார்கள். வெங்காயம் தன் தண்ணீரிலேயே வெந்து, சுண்டி, நிறம் மாறி, உருத்தெரியாமல் கரைகிற வரைக்கும் பக்கத்தைவிட்டு நகரக்கூடாது. அதன் பிறகுதான் எண்ணெயோ நெய்யோ, பெர்பெரே மசாலாவோ உள்ளே போகும். மறுபடியும் நெடுநேரம் கிளறல். தேங்காயோ முந்திரியோ மாவோ இல்லாமல் அந்தக் குழம்பு அவ்வளவு கெட்டியாக, ஏறக்குறையக் கறுத்த சிவப்பில் இருப்பது இதனால்தான். முறைப்படி ஒரு கோழியை 12 துண்டாக வெட்ட வேண்டும். உரித்த அவித்த முட்டைகளையும் கீறிவிட்டுக் குழம்பில் போடுவார்கள். அவசரக் கடைகளில் வெங்காயம் பல்லில் தட்டுப்படும். அப்படி இருந்தால் சமையல்காரர் பாதியிலேயே கிளறலை நிறுத்திவிட்டார் என்று அர்த்தம்.

குழந்தைகள் கூட வந்தால் டிப்ஸ் நல்லது. வெங்காயம், பச்சை மிளகாய், ரோஸ்மேரி போட்டு வறுத்த இறைச்சித் துண்டுகள்தான், மிளகாயை ஒதுக்கிவிட்டுக் கொடுக்கலாம். ‘ஷெக்லா டிப்ஸ்’ என்றால் அடியில் கரித்தணல் உள்ள மண்சட்டியில் சுடச்சுட வரும்.

நாலு பேருக்கு எவ்வளவு சொல்வது? சைவமும் அசைவமும் கலந்த குழு என்றால் இரண்டு பேருக்கான யெட்சோம் பெயாய்நெட்டு, ஒரு டோரோ வொட், ஒரு டிப்ஸ். அவ்வளவுதான். முதலில் குறைவாகத் தெரியும். ஆனால் இன்ஜெரா வயிற்றுக்குள் போய்த்தான் தன் வேலையைக் காட்டும். பாதியிலேயே பெல்ட்டைத் தளர்த்த வேண்டிவரும். போதவில்லை என்றால் பிறகு கேட்டுக்கொள்ளலாம்.

காரம் பற்றி நம்மவர்கள் கவலைப்படத் தேவையில்லை. பெர்பெரே என்பது மிளகாய்த்தூளோடு பூண்டு, இஞ்சி, வெந்தயம், ஓமம், கருஞ்சீரகம், கொரரிமா என்கிற அவர்கள் ஊர் ஏலக்காய் எல்லாம் சேர்ந்த பொடி. காரத்தைவிட மணம் முன்னால் நிற்கும். உண்மையில் சுரீர் என்று ஏறுவது மிட்மிட்டா. ஓரத்தில் ஆரஞ்சு நிறப் பொடி தனியாக வைத்திருந்தால் அதுதான், ஊசிமிளகாயில் செய்தது. இட்லிப் பொடி தொட்டுச் சாப்பிட்ட தெம்பில் அதில் புரட்டி எடுக்காதீர்கள், விளிம்பால் தொட்டால் போதும்.

ஒன்று சொல்ல மறக்கக்கூடாது. வெளிநாடுகளில் பல கடைகள் பக்கத்து நாடான எரித்ரியாவைச் சேர்ந்தவர்கள் நடத்துபவை. சாப்பாடு ஏறத்தாழ இதேதான், பெயர்கள் மட்டும் திக்ரிஞா மொழியில் இருக்கும்: இன்ஜெராவைத் தைத்தா என்பார்கள், காரமான இறைச்சிக் குழம்பு சிக்னி. எரித்ரியாக்காரரிடம் போய் ‘உங்கள் எத்தியோப்பியச் சாப்பாடு பிரமாதம்’ என்று பாராட்டாதீர்கள். இரண்டு நாடுகளுக்கும் இடையே நடந்த போரில் ஆட்களை இழந்த குடும்பங்கள் அவை.

கேட்காமல் விடக்கூடாதவை

மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் ‘சிகா’ என்று பொதுவாக எழுதியிருப்பதை மாட்டிறைச்சி என்றே எடுத்துக்கொள்வது பாதுகாப்பு. ஆட்டுக்கறி வேண்டும் என்றால் பெயரோடு கேளுங்கள்: ‘யெஃபியெல் டிப்ஸ்’ வெள்ளாடு, ‘யெபெக் டிப்ஸ்’ செம்மறி. பன்றி பற்றிய கவலை வேண்டாம். ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்களும் அங்கே பன்றி தொட மாட்டார்கள், மரபான உணவகத்தில் அது இருக்காது. ஹலால் பார்க்கிறவர்கள் முஸ்லிம்கள் நடத்தும் கடைக்குத்தான் போக வேண்டும். எத்தியோப்பியாவில் கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் அவரவர் அறுத்த இறைச்சியை மட்டுமே சாப்பிடுவது வழக்கம் என்பதால், இந்தக் கேள்வியை யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

பால் பொருளும் சேர்க்காதவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ‘நிட்டெர் கிப்பே’ என்று மசாலா போட்டு உருக்கிய நெய் ஒன்று உண்டு. இறைச்சிக் குழம்புகளின் மணமே அதுதான். ட்சோம் என்று கேட்டால் அது சேராது. வெறுமனே ‘வெஜிடேரியன்’ என்று வெளிநாட்டுக் கடையில் கேட்டால் சேர்ந்துவிடலாம். இன்னொரு பக்கம், விரத நாளில் மீன் சாப்பிடுகிறவர்கள் நிறையப் பேர் இருப்பதால் விரத மெனுவிலேயே ‘அசா’ என்று மீன் இருக்கும். அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். வெங்காயமும் பூண்டும் சேர்க்காதவர்களுக்கு மட்டும் இங்கே வழியில்லை.

அப்புறம் கிட்ஃபோ. குராகே மக்களின் உணவு. கொழுப்பில்லாத மாட்டிறைச்சியைப் பொடியாகக் கொத்தி, மிட்மிட்டாவும் வெதுவெதுப்பான நெய்யும் கலந்து, பச்சையாகவே பரிமாறுவது. அதற்குப் பெரிய ரசிகர் கூட்டமே உண்டு. அடிஸில் கிட்ஃபோவுக்கென்றே தனிக் கடைகள் இருக்கின்றன. இருந்தாலும் முதல் முறை போகிறவருக்கு, அதுவும் பயணத்தின் நடுவில் இருப்பவருக்கு, பச்சை இறைச்சி வேண்டாம் என்பதே என் கட்சி. நாடாப்புழு வருகிற வழி அது. அந்த ஊரிலேயே அதற்கென்று கொசோ மரத்தின் பூவை மருந்தாகக் குடிக்கிற வழக்கம் தலைமுறை தலைமுறையாக இருக்கிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ‘லெப் லெப்’ என்றால் லேசாகச் சூடுகாட்டித் தருவார்கள், உள்ளே பச்சைதான். நன்றாக வேகவைத்து வேண்டும் என்றால் ‘பெதாம் யெபெசெலே’ என்று சொல்லுங்கள். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் வேகாததை அறவே தவிர்க்க வேண்டும். ‘கோரெட் கோரெட்’ என்பதும் பச்சைத் துண்டுகள்தான்.

தட்டு வந்த பிறகு

கை கழுவாமல் யாரும் தொடுவதில்லை. மரபான கடைகளில் கெண்டியும் கிண்ணமுமாக ஒருவர் வந்து உங்கள் கைமேல் தண்ணீர் ஊற்றுவார், எழுந்து போக வேண்டியதில்லை. மேஜைக்குப் பதிலாக மெசோப் என்கிற, பின்னிய உயரமான கூடை இருக்கலாம். தட்டு அதன்மேல் உட்காரும்.

தட்டு வந்ததும் பக்கத்தில் சுருட்டிவைத்த இன்ஜெராக்களைக் கவனியுங்கள். முதலில் அவற்றிலிருந்துதான் எடுக்க வேண்டும். தட்டில் விரித்திருப்பதைக் கடைசிக்கு விட்டுவிடுங்கள்.

இப்போது கைவேலை. வலது கையால் சுருளின் நுனியிலிருந்து இரண்டு மூன்று விரல் அகலத்துக்கு ஒரு துண்டைப் பிய்த்துக்கொள்ளுங்கள். ரொம்பச் சின்னதாகப் பிய்த்தால் விரலில் குழம்பு படும், ரொம்பப் பெரிதென்றால் வாய் கொள்ளாது. துண்டின் வழவழப்பான பக்கம் விரலை நோக்கியும் கண் உள்ள பக்கம் குழம்பை நோக்கியும் இருக்கட்டும். அதைக் குழம்பின்மேல் போர்த்தி, கட்டைவிரலாலும் முதல் இரண்டு விரல்களாலும் கீழே சேர்த்துக் கிள்ளி எடுங்கள். எடுத்தது துண்டுக்குள்ளேயே மூடியிருக்க வேண்டும். அப்படியே முழுதாக வாய்க்குள். விரல் உதட்டைத் தொடக்கூடாது, நாக்கைத் தொடவே கூடாது. பாதி கடித்து மீதியை மறுபடி குழம்பில் தொடுவது பெரிய அசிங்கம். விரல் நக்குவதும் கிடையாது. இந்த விதிகளை எல்லோரும் காப்பாற்றினால் தட்டுக்குள் எச்சில் என்று ஒன்று வரவே வழியில்லை. அதனால்தான் அந்நியர்கள்கூட ஒரே தட்டில் உட்கார முடிகிறது.

நமக்கு இதில் வருகிற சிக்கல் ஒன்றே ஒன்று. பேச்சு சுவாரசியத்தில் கை தானாகப் பிசையத் தொடங்கிவிடும். இரண்டு குழம்பைக் கலந்து, இன்ஜெராவை அதில் ஊறவைத்து உருட்டுகிற அளவுக்குப் போய்விடும். அதை மட்டும் அடக்குங்கள். பருப்பையும் கீரையையும் ஒரே கிள்ளலில் சேர்த்து எடுப்பதில் தப்பில்லை, நல்ல ஜோடியும்கூட. ஆனால் தட்டில் வைத்துக் கலக்காதீர்கள்.

உங்களுக்கு எதிரே இருக்கிற பாகம்தான் உங்கள் எல்லை. அடுத்தவர் கைக்கு மேலே நீட்டி எடுப்பது அழகல்ல. டோரோ வொட் நடுவில் இருந்தால், வீட்டுக்காரரோ மூத்தவரோ துண்டுகளையும் முட்டையையும் ஒவ்வொருவர் பக்கமும் தள்ளிவைப்பார். காத்திருங்கள். இடதுகைப் பழக்கம் உள்ளவர்கள் இங்கே கொஞ்சம் சிரமப்படத்தான் வேண்டும், வலது கைதான் முறை.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் இருக்கும் எத்தியோப்பியர் ஒருவர் திடீரென்று ஒரு பெரிய கவளத்தைச் சுருட்டி உங்கள் வாய்க்கு நேரே நீட்டினால் திடுக்கிடாதீர்கள். அது குர்ஷா. அன்பும் மரியாதையும் உள்ளவர்களுக்குத்தான் ஊட்டுவார்கள். மறுப்பது மனத்தாங்கலாகிவிடும். சற்று முன்னால் குனிந்து வாயை நன்றாகத் திறங்கள். ஊட்டுகிறவர் தன் விரல் படாமல் வைக்கத் தெரிந்தவராகத்தான் இருப்பார். கவளம் பெரிதாக இருப்பதுதான் பாசத்தின் அளவு என்பதால் மென்று முடிக்க நேரம் பிடிக்கும், அதுவரை பதில் பேச முடியாது, பரவாயில்லை. பெரும்பாலும் ஒன்றோடு விட மாட்டார்கள். பதிலுக்கு நீங்களும் ஊட்டலாம், மகிழ்ந்துபோவார்கள். உணவகப் பணியாளர்கள் இப்படிச் செய்வது அபூர்வம், நண்பர் வீட்டாரோடு போனால் கட்டாயம் நடக்கும்.

கடைசியில், எல்லாக் குழம்பும் இறங்கி ஊறிய அடி இன்ஜெரா மிஞ்சும். பலர் வயிறு நிறைந்து அதை விட்டுவிட்டு எழுந்துவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் சுருளில் ஒன்றைக் குறைத்தாவது இதற்கு இடம் வையுங்கள். முழுச் சாப்பாட்டிலும் ருசியான இடம் அதுதான். போதும் என்று சொல்ல ‘பெக்கான்ய்’. ஒருமுறை சொன்னால் நம்ப மாட்டார்கள்.

குடிக்க

மது அருந்துகிறவர்களுக்கு டெஜ்: தேனைப் புளிக்கவைத்து, கெஷோ என்கிற செடியின் இலையும் குச்சியும் போட்டுக் கசப்பேற்றியது. கழுத்து நீண்ட பெரெலே என்ற கண்ணாடிக் குடுவையில் வரும். இனிப்பாக இருக்கிறதே என்று மளமளவென்று குடித்தால் எழுந்திருக்கும்போது தெரியும். மற்றவர்களுக்கு அம்போ, ஊற்றிலிருந்து எடுக்கிற வாயு நிறைந்த தண்ணீர். எண்ணெய்க் குழம்புக்கு அதைவிடப் பொருத்தமானது வேறில்லை. அடிஸில் பழச்சாறுக் கடைகளில் ஸ்ப்ரிஸ் என்று அவகாடோ, மாம்பழம், பப்பாளிக் கூழ்களை அடுக்கடுக்காக ஊற்றித் தருவார்கள். அது ஒரு வேளைச் சாப்பாட்டுக்குச் சமம், உணவோடு சேர்த்துச் சொல்லாதீர்கள்.

காபிக்கு நேரம் ஒதுக்குங்கள்

சாப்பாட்டுக்குப் பிறகு காபிச் சடங்கு உண்டா என்று கேளுங்கள். வெளிநாட்டுக் கடைகளில் முன்கூட்டியே சொல்ல வேண்டியிருக்கும். முழுதாக நடந்தால் ஒரு மணி நேரம்கூட ஆகும். விமானத்தைப் பிடிக்க வேண்டியவர் ஆரம்பிக்கக்கூடாது.

தரையில் பசும்புல் தூவிய இடத்தில் ஒரு பெண் தாழ்ந்த முக்காலியில் உட்கார்ந்திருப்பார். பச்சைக் காபிக்கொட்டையைக் கழுவி, தட்டையான சட்டியில் கரிநெருப்பின்மேல் வறுப்பார். கொட்டை வெடித்துக் கறுத்து, மேலே எண்ணெய் மினுமினுக்கும்போது, புகை எழும் அந்தச் சட்டியை ஒவ்வொருவர் முகத்துக்கு முன்னாலும் கொண்டுவருவார். கையால் புகையை உங்கள் பக்கம் விசிறி முகர்ந்து, நன்றாக இருக்கிறது என்று தலையாட்டுங்கள். பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தால் அவர் நகர மாட்டார். பிறகு இடித்து, ஜெபெனா என்ற கழுத்து நீண்ட கறுப்பு மண்கூஜாவில் கொதிக்கவைத்து, கைப்பிடி இல்லாத சினிக் கிண்ணங்களில் உயரத்திலிருந்து மெல்லிய தாரையாக ஊற்றுவார். பக்கத்தில் சாம்பிராணிப் புகை. கொறிக்கப் பாப்கார்னோ, கோலோ என்கிற வறுத்த பார்லியோ இருக்கும்.

பால் கிடையாது. சர்க்கரை போட்டுக் குடிப்பார்கள். கிராமப்புறங்களில் உப்போ வெண்ணெயோ போடுகிற வழக்கமும் உண்டு. ஃபில்டர் காபிக்காரர்களுக்கு முதல் கிண்ணம் கொஞ்சம் தூக்கிவாரிப்போடும். மூன்று சுற்று வரும்: அபோல், டோனா, பெரெக்கா. அதே தூளில் மறுபடி தண்ணீர் ஊற்றிக் காய்ச்சுவதால் ஒவ்வொரு சுற்றும் மெலிந்துகொண்டே போகும். மூன்றாவது ஆசீர்வாதச் சுற்று என்பதால் அதற்கு முன்னால் எழுவது மரியாதையல்ல. தூக்கம் கெடும் என்று பயப்படுகிறவர்கள் கிண்ணத்தைப் பாதி ஊற்றச் சொல்லலாம். அவசரமாகக் கிளம்ப வேண்டியிருந்தால் சடங்கைத் தொடங்கச் சொல்லாமல் மக்கியாட்டோ கேளுங்கள், இத்தாலியர்கள் விட்டுப்போன பழக்கம். அடிஸின் கடைகளில் அருமையாகப் போடுவார்கள்.

பில்லும் மிச்சமும்

‘ஹிசாப்’ என்றால் பில் வரும். அடிஸில் பல மெனுக்களில் போட்டிருக்கும் விலைமேல் 15 சதவீத வாட் வரியும், பெரிய கடைகளில் 10 சதவீதச் சேவைக் கட்டணமும் ஏறும். கையில் பணம் வைத்துக்கொண்டு உட்காருங்கள், வெளிநாட்டு அட்டை எல்லா இடத்திலும் வேலை செய்யாது. யோட் அபிசீனியா, 2000 ஹபேஷா போல இரவில் பாட்டும் நடனமும் நடக்கிற இடங்களில் சாப்பாடு மற்ற கடைகளைவிட விலை கூடுதல். ஆனால் ஒரே இரவு மட்டும் ஊரில் இருப்பவருக்கு அதுவே வசதி. தோளை உலுக்கி ஆடும் எஸ்கிஸ்டாவையும் பார்த்துவிடலாம். உங்களை அழைத்துப் போனவர் உள்ளூர்க்காரர் என்றால் பில்லைப் பங்குபோடப் பேசாதீர்கள். அழைத்தவர்தான் கொடுப்பார், அடுத்த முறை நீங்கள் அழைத்துக்கொள்ளலாம்.

வெளிநாட்டில் என்றால் மிச்சத்தைக் கட்டிக் கொடுக்கச் சொல்லுங்கள். சுருட்டி வைத்த இன்ஜெராவையும் குழம்பையும் தனித்தனியாகக் கேளுங்கள், ஒன்றாக வைத்தால் காலையில் களிதான். மறுநாள் ஒரு வெங்காயமும் தக்காளியும் வதக்கி, மிஞ்சிய மிசிர் வொட்டையோ டோரோ வொட்டையோ சிறிது தண்ணீரோடு ஊற்றிக் கொதிவந்ததும், இன்ஜெராவைத் துண்டு துண்டாகப் பிய்த்துப் போட்டு ஒரு புரட்டுப் புரட்டி இறக்கினால் ஃபிர்ஃபிர் தயார். எத்தியோப்பிய வீடுகளில் காலைச் சாப்பாடே பாதி நாள் இதுதான். குழம்பு மிஞ்சவில்லை என்றால் பெர்பெரே ஒரு பொட்டலம் அந்தக் கடையிலேயே வாங்கிக்கொள்ளுங்கள், கல்லாவுக்குப் பக்கத்தில் பெரும்பாலும் விற்பார்கள்.